தேர் நிலைக்கு வரவேண்டும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடமுழுக்கு நன்னாளில் கோபுரத்தைப் பற்றியும் கலசத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். அடியேன் இன்று சற்றுக் கீழிறங்கித் தேர்க்காலைப் பற்றிப் பேச விழைகின்றேன். கோயிலுக்கு வர இயலாத முதியோர்க்கும் நோயாளர்க்கும் இறைவன் தானே வீதிக்கு எழுந்தருளிக் காட்சி நல்குவதே தேர்த் திருவிழாவின் உட்பொருள். ஆதலின் ஓடாத தேர், எத்துணைச் சிற்ப நயம் உடையதாயினும், தன் தொழிலை இழந்த தேரேயாம். தகரக் கொட்டகைக்குள் வெளவாலுக்கு இடமாய் நிற்கும் தேர்களை நம் பக்கத்துச் சிற்றூர்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

நின்ற தேர் மீண்டும் ஓடிய வரலாற்றுக்குத் திருவாரூர் சான்று. அப்பர் பெருமான் தம் திருமுறையில் குறித்த ஆழித்தேர் அவ்வூருக்குரியது. அங்கிருந்த பழந்தேர் 1926 ஆம் ஆண்டில் தீக்கு இரையாயிற்று. 1930 இல் புதுத்தேர் எழுந்தது. 1948 உடன் அதன் ஓட்டமும் நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆழித்தேர் அசையவில்லை. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அவர்களின் முயற்சியால் 1970 இல் அது மீண்டும் வீதி கண்டது. பின்னரும் பழுதுற்றபோது பிரித்துப் புதுக்கி, 2015 அக்டோபரில் வெள்ளோட்டம் விட்டனர்.

அலங்காரத்துடன் சுமார் 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடைய அத்தேரை இழுப்பதினும் நிறுத்துவதே அரிது. வடம் இழுப்பவர் ஆயிரம் பேர். ஓடத் தொடங்கிய சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை இடுபவரோ சிலரே. கட்டை நழுவினால் முதலில் போவது அவர்தம் கையும் காலும். திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தனர். மூடிய குழாயில் அடைபட்ட எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எங்கும் ஒரே அளவாய்ப் பரவும்; சிறிய உருளையில் இட்ட விசை பெரிய உருளையில் பன்மடங்காகிச் சக்கரத்தைப் பற்றி நிறுத்தும். பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17 ஆம் நூற்றாண்டில் கண்ட நெறி இது. நம் சாலைகளில் ஓடும் கார்களிலும் இதுவே தொழிற்படுகின்றது. எனினும், தேரை வளைவில் திருப்புதற்கு இன்றும் புளியமரத்து முட்டுக்கட்டையே துணை. பழையது போகவில்லை, அதன் சுமைதான் குறைந்தது.

இங்கே அடியேன் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ இருபது வயதில், மடத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, தேருக்கு இரும்பு பூட்டுவது முறையன்று என வாதிட்டேன். பொறுமையாய்க் கேட்டிருந்த ஆசிரியர், "முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு உன் சாத்திரம் என்ன விதித்திருக்கிறது?" என்று மட்டும் வினவினார். விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆண்டுகள் பல கழிந்து, இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளத்தில் இறங்கிய தேர்ச்சக்கரம் கட்டையைத் தாண்டி ஓர் அன்பரின் காலை நசுக்கிற்று. மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றேன். "ஐயா, தேரு நிலைக்கு வந்துட்டா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. ஆசிரியரின் வினாவுக்கு விடை அன்று கிடைத்தது. அவர்க்குத் தேர்மேல் இருந்த அன்பில் ஒரு பகுதியேனும் நமக்கு அவர்மேல் இருந்திருக்க வேண்டும்.

தேர்க்காலில் ஒரு கன்று மடிந்ததற்காகத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார். அதுவும் திருவாரூரில் நிகழ்ந்ததே. கன்றின் உயிர்க்கே அவ்வளவு விலையாயின், முட்டுக்கட்டை இடும் அடியவர் உயிர்க்கு என்ன விலை? 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மின்கம்பியில் உராய்ந்து 11 பேர் மாண்டனர். அவ்வூரின் துயரம் நம் எல்லோர்க்கும் பாடமாதல் வேண்டும்.

இக்கடற்கரையில் பிறந்த உங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முத்துக்குளிப்பு 1961 உடன் இங்கு நின்றுவிட்டது. அதன் நெறி மட்டும் நினைவில் நிற்கின்றது. மூழ்குபவன் உயிர், மேலே தோணியில் கயிறு பற்றியிருப்பவன் கையில். அக்கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பர் என்றும், தன் தமக்கையின் தாலியை எண்ணி அவன் கண் அயரான் என்றும் இவ்வூர்ப் பெரியோர் கூறுவர். தேரின் தடையும் அத்தகைய மைத்துனன் கைக்கயிறே.

பழுதுற்றதைப் புதுக்குதலைச் சீர்ணோத்தாரணம் என ஆகமம் வகுத்துள்ளது. உளுத்த மரத்தை அகற்றி நல்ல மரம் இடுவது போலவே, உயிர்க்கு ஊறு செய்யும் அச்சை மாற்றி உறுதியான அச்சு இடுவதும் திருப்பணியே. செய்து முடித்தபின் ஆண்டுதோறும் அச்சுக்கு மசகிட்டு, வடத்தையும் தடையையும் சோதித்து, வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தலும் வேண்டும். தோணியைப் பழுது பார்க்காது கடலில் இறக்குவார் இவ்வூரில் உண்டோ?

புரவலர்களே! கலசத்துக்குப் பொன் தருவார் பலர். அப்பொன் எட்டுத் திசையும் ஒளிரும். தேர்த் தடைக்குத் தரும் பொருள் ஒருவர் கண்ணிலும் படாது; கல்வெட்டில் பெயரும் பொறிக்கப்படாது போகலாம். ஆயினும் தேர் நிலைக்கு வந்த அந்தி வேளையில், முட்டுக்கட்டை இட்ட அன்பர் தம் இரு காலால் நடந்து இல்லம் சேர்வாராயின், அதுவே உங்கள் கொடையின் பயன். அவ்வருளை எல்லாம் வல்ல இறைவன் நல்குவானாக.

திருச்சிற்றம்பலம்.