ஆற்றங்கரையில் இரண்டு நாள்



விடுமுறை நெருங்கும்போது எங்கேனும் சென்று வரவேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. உடனே ஒரு தாளை எடுத்து இடங்களின் பெயர்களை வரிசையாக எழுதுவோம். வரிசை நீள நீள நம் மகிழ்ச்சியும் வளரும். அவ்வாறு நீண்ட ஒரு பட்டியலால் நான் அடைந்த இழப்பைக் கூறி, சிறு பயணம் ஒன்றை வகுக்கும் முறையை இன்று விளக்க விரும்புகிறேன்.

1988-ஆம் ஆண்டு. நான் அப்போது இளம் ஆசிரியன். மாணவர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றேன். ஒரே பகலில் பதினோரு இடங்கள்! ஒன்பதாவது இடம், அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பெரிய ஆலமரம். அங்கே நாங்கள் நின்றது பதினைந்து நிமிடம். ஒரு சிறுவன், "ஐயா, இத்தனை விழுதுகளுக்குள் தாய்மரம் எது?" என்று கேட்டான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "அடுத்த முறை காட்டுகிறேன், வண்டியில் ஏறு" என்றேன்.

1989-இல் வீசிய புயற்காற்றில் அம்மரத்தின் தாய்த்தண்டு வீழ்ந்தது. ஏறத்தாழ 450 ஆண்டுப் பழமை உடையது என்று கூறப்படும் மரம். என் 'அடுத்த முறை'க்கு அது காத்திருக்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் அடையாற்றுக்கு மீண்டும் சென்றேன். இம்முறை இரண்டு நாள், மூன்றே இடங்கள்.

முதல் நாள் காலை முழுவதும் அத்தோட்டத்திற்கே அளித்தேன். சபை தன் தலைமையிடத்தை 1882-இல் இங்கு அமைத்தது. 1886-இல் தோன்றிய நூலகம் ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறது. பல சமயங்களின் வழிபாட்டிடங்களும் மரநிழலில் உள்ளன. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் இங்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தையின் ஆர்வமே கல்விக்கு வழிகாட்டி என்ற அவர்தம் கொள்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அவர் நடந்த மண்ணிலேயே ஒரு குழந்தையின் வினாவைத் தட்டிக் கழித்தேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தாய்த்தண்டு இருந்த இடத்தைச் சுற்றி விழுதுகளே மரங்களாகி நிற்கின்றன. அச்சிறுவனுக்குரிய விடையை நான் தனியே நின்று கண்டேன்.

மாலையில் பெசன்ட் நகர்க் கடற்கரை. கடலில் தத்தளித்தவரைக் காக்க முயன்று 1930-இல் உயிர் நீத்த டென்மார்க்கு நாட்டவர் ஷ்மிட் என்பாரின் நினைவுச் சின்னம் அங்கு உள்ளது. மறுநாள், ஆற்றின் வடபால் உள்ள தொல்காப்பியப் பூங்கா. குப்பை நிறைந்து சீர்கெட்டிருந்த 58 ஏக்கர் ஈரநிலம் திருத்தப்பெற்று 2011-இல் திறக்கப்பட்டது. கெட்டதையும் மனிதன் முயன்றால் மீட்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

நீங்களும் திட்டமிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2015 டிசம்பரில் இவ்வாறு பெருக்கெடுத்துக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. முகத்துவாரத்தில் வலசைப் பறவைகளையும் காணலாம். திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்து அறியுங்கள். பறக்கும் ரயிலில் கஸ்தூர்பா நகர் நிலையத்தில் இறங்கலாம். ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு வினாவை ஏட்டில் குறித்துச் செல்லுங்கள். எவ்வேலையும் இல்லாத ஒரு மணி நேரத்தையும் ஒதுக்குங்கள். உடன் வரும் தம்பியோ தங்கையோ ஏதேனும் கேட்டால், நின்று விடை கூற அந்நேரம் உதவும்.

பட்டியலில் ஓர் இடம் குறைந்தால் இழப்பில்லை. கேட்ட வினாவிற்கு விடை கூறாமல் திரும்புவதே இழப்பு.