பேட்டைக்கு ஒரு மேடை



1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சென்னை மாநகராட்சி ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1924-இல், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து ஒரு வானொலிக் கழகம் அமைத்து இந்த ஊரில் ஒலிபரப்பிக் காட்டியிருந்தார்கள். பணமில்லாமல் அது நின்றுபோக, கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ரேடியோப் பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் மிகச் சிலர். அதனால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலையில் காற்று வாங்க வந்தவர்கள் காசு கொடுக்காமல் பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார்கள். 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலி சென்னையில் தொடங்கும்வரை இந்த ஏற்பாடு நடந்தது.

குழாயில் தண்ணீர் விடுவதையும் தெருவிளக்கு ஏற்றுவதையும் போலச் சங்கீதத்தையும் ஊராருக்குக் கொடுப்பது தன் பொறுப்பு என்று ஒரு மாநகராட்சி அன்றைக்கு நினைத்திருக்கிறது. மார்கழிக் கச்சேரிகளும் தைப் பொங்கல் விழாக்களும் அடுத்தடுத்து வருகிற பருவத்தில், அந்தப் பொறுப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்னையில் சங்கீதம் என்றதும் நம் கால் தானாக மயிலாப்பூர்ப் பக்கம் திரும்புகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. ஜார்ஜ் டவுன்தான் கச்சேரிகளின் ஊர். ஆர்மேனியன் தெருவில் கோகலே மண்டபம், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சௌந்தர்ய மஹால் என்று அங்கே பெயர்பெற்ற அரங்குகள் இருந்தன. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்த மியூசிக் அகாடமியைக்கூட 1928-இல் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில்தான் தொடங்கி வைத்தார்கள். அகாடமிக்குச் சொந்த அரங்கம் வந்தது 1962-இல். அதற்குள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் தெற்கே குடிபோயிருந்தார்கள். ரசிகர்கள் போன வழியிலேயே சபாக்களும் போய்விட்டன.

போனதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் போன இடத்தில் ஒன்றுக்குப் பத்தாக அரங்கம் எழுந்தபோது, விட்டுவந்த இடத்தில் என்ன மிஞ்சியது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் கலைக்குக் குறைவே கிடையாது. கானா அங்கே வளர்ந்த பாட்டு. இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் கண்விழித்திருக்கும் உறவுக்காரர்களுக்கு நடுவே, இறந்தவரின் பெயர் சொல்லி, குணம் சொல்லி, அந்தக் கணத்தில் கட்டிப் பாடுகிறவன் லேசான கலைஞனா? அவன் பாட்டுக்குத் தாளமும் கற்பனையும் உண்டு, கேட்டுத் தலையாட்ட ரசிகர்களும் உண்டு. உட்கார்ந்து கேட்க ஒரு கூடம் மட்டும் இல்லை. சாமியானா போட்ட தெருவே அவனுக்கு அரங்கம்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த நிலையை மாற்றச் சிலர் மனதாரப் பாடுபட்டார்கள். பெசன்ட் நகர்க் கடற்கரை ஓரத்தில் இருக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், 2015-இல் மீனவ மக்களும் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் சேர்ந்து ஒரு விழா எடுத்தார்கள். படகும் வலையும் கிடக்கும் மணலில் கர்நாடக இசையும் நாட்டுப்புறக் கலைகளும் ஒரே மேடை ஏறின. 2018 ஜனவரியில், இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்தப் பாட்டைக் கேட்க மைதானம் நிரம்பியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்று பெயரிட்டுப் பறையையும் ஒப்பாரியையும் கானாவையும் மேடையேற்றியது. மார்கழி எல்லோருக்கும் உரிய மாதம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அரசும் தன் பங்குக்கு 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமத்தைச் சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023 பொங்கலுக்கு மீண்டும் நடத்தியது. கரகமும் காவடியும் தப்பாட்டமும் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் வந்தன. வெளியூர்க் கலைஞர்கள் நகரத்துக்கு வந்து மரியாதையோடு ஆடிவிட்டுப் போனார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்று பார்த்த அப்பாக்களின் முகத்தைப் பார்த்தவர்கள், இந்தச் செலவு வீண் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விழா நாலு நாள். பாக்கி நாட்களில் நகரத்துப் பறைக்குழு எங்கே பழகுகிறது? பறை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கோபிக்கிறார். மொட்டை மாடியில் ஆடினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். நகரத்தின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். வீடு கிடைத்தது, பழைய பேட்டையின் தெருமுனையும் திண்ணையும் போய்விட்டன. தாளம் பழகுகிற பிள்ளைகளுக்கு அந்தத் தெருமுனைதான் பள்ளிக்கூடம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மதிக்கிறேன். சத்தம் உண்மையான தொல்லைதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், இருதய நோயாளி இருப்பார். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். அங்கே பல ஆண்டுகளாக மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மைக் இல்லாத கச்சேரி நடந்துவந்திருக்கிறது. பாடுகிறவர்களில் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்பார்கள், பிடித்தால் உட்காருவார்கள். சவுண்ட் சர்வீஸ் செலவு கிடையாது. மயிலாப்பூரில் முடிந்தது, ராயபுரம் ராபின்சன் பூங்காவில் முடியாதா? 1949-இல் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டத்தை நடத்திய பூங்கா அது. ஞாயிறு காலையில் நாலு பிள்ளைகள் கானா பாடினால் தாங்கும்.

இனி, இந்த நகரத்தின் பெரிய கூடத்துக்கு வருகிறேன். சென்ட்ரல் நிலையத்துக்கு அடுத்தாற்போல், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் செந்நிறக் கட்டடம், விக்டோரியா பொதுக்கூடம். வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. செலவில் பெரும்பகுதி ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த நன்கொடை. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே சொற்பொழிவாற்றினார். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, பல ஆண்டுகள் அந்த மேடையில்தான் நாடகம் போட்டது. கூத்தாடிகள் என்று நாடகக்காரர்களை இளக்காரமாகப் பார்த்த காலத்தில், படித்தவர்களும் வேஷம் கட்டி நடிக்கலாம் என்று அவர் காட்டியது அந்தக் கூடத்தில்.

பிறகு அது பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. அதைச் சீரமைக்கும் வேலையை மாநகராட்சி எடுத்துக்கொண்டது மகிழ்ச்சியான செய்தி. அந்தக் கூடம் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கும்மிடிப்பூண்டி ரயிலும் திருவள்ளூர் ரயிலும் அதன் அருகே வந்து நிற்கின்றன. தாம்பரத்திலிருந்து வருகிறவர் பார்க் நிலையத்தில் இறங்கலாம், வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வருகிறவர் பார்க் டவுனில் இறங்கலாம். மெட்ரோவும் பக்கத்தில். வடசென்னைக்கும் தென்சென்னைக்கும் ஒரே தூரத்தில் இதைவிடப் பொருத்தமான அரங்கம் இந்த ஊரில் இல்லை.

அதனால்தான் அதன் வாடகையைப் பற்றி இப்போதே பேச வேண்டும் என்கிறேன். கம்பெனி விருந்துக்கும் கல்யாண வரவேற்புக்கும் கட்டுப்படியாகும் வாடகை வைத்தால், கூடம் அழகாக இருக்கும், கலை வெளியே நிற்கும். மாதத்தில் சில நாட்களை உள்ளூர்க் குழுக்களுக்கென்று ஒதுக்கட்டும். தெருக்கூத்துக் குழுவும், கல்லூரி நாடகக் குழுவும், வியாசர்பாடி கானாக் குழுவும் தங்கள் பையிலிருந்து கொடுக்கக்கூடிய தொகையாக அது இருக்கட்டும். பகலில் சும்மா கிடக்கும் நேரத்தை ஒத்திகைக்கு விடட்டும். ஊரார் பணத்தில் எழும்பி, ஊரார் வரிப்பணத்தில் புதுப்பிக்கப்பட்ட கூடத்துக்கு இது அதிகமான கோரிக்கை இல்லை.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2022 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. சென்னையின் 200 வார்டுகளில் ஒவ்வொன்றிலும் மக்கள் கவுன்சிலரின் முன்னால் உட்கார்ந்து குறை சொல்லலாம். குப்பை, கழிவுநீர், மழைநீர் வடிகால் என்று பேச நிறைய இருக்கும். அவற்றைப் பேசுங்கள், அவசியம் பேசுங்கள். கூடவே சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வார்டுப் பூங்காவில் மேடை இருக்கிறதா? சமுதாயக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் எங்கள் பிள்ளைகள் அங்கே பாட, ஆட அனுமதி கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.