பனிக்குட நீரும் சர்க்கரையும்
(பாறசாலைப் பகுதி உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் அல்ல. வேதியியல் பட்டதாரி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். வைத்தியம் சொல்ல வரவில்லை. நம் வீடுகளில் உள்ள ஒரு தப்பான எண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ள பெண் கர்ப்பமாகிறாள். ஏழாம் மாத ஸ்கேனில் 'பனிக்குட நீர் அதிகம்' என்று வருகிறது. உடனே பெரியவர்கள், "தண்ணி குடிக்கறதைக் குறைச்சுக்கோ" என்கிறோம். இதனால் பயனில்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீரே. குழந்தை அதை விழுங்கவும் செய்யும். வரவும் செலவும் சரியாக இருந்தால் அளவும் சரியாக இருக்கும்.

தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின் போகாது. எனவே குழந்தையின் கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கிறது, குழந்தை பருக்கிறது. கோபன்ஹேகனில் பெடர்சன் என்ற டாக்டர் 1950-களில் இதை விளக்கினார். சர்க்கரை ஏறினால் நாம் அடிக்கடி பாத்ரூம் போகிறோம் அல்லவா? குழந்தைக்கும் அதே கதிதான். பனிக்குடம் நிறைவதற்கு இதுவே முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது.

ஸ்கேனில் நான்கு இடங்களில் அளந்து கூட்டுகிறார்கள். சுமார் 25 செ.மீ. தாண்டினால் அதிகம். குறைப்பிரசவம், குடம் முன்னதாக உடைதல், தொப்புள்கொடி நழுவுதல், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எல்லாம் வரக்கூடும். இரட்டைக் குழந்தை, குழந்தை விழுங்க முடியாமை போன்ற வேறு காரணங்களும் உண்டு. அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே குறைக்க வேண்டியது தண்ணீரை அல்ல, சர்க்கரையை. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் என்பது பொதுவான இலக்கு. இன்சுலின் ஊசிக்குப் பயப்பட வேண்டாம். மாமிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சீமந்தத்தன்று "ஒரு கரண்டி பாயசம்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். ஏகாதசிப் பட்டினியும் வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவளுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

இன்னொன்று. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் பாதி முடிந்துவிடும். அதனால் கர்ப்பத்துக்கு முன்பே மூன்று மாத சராசரியான ஹெச்.பி.ஏ.1சி-யை, முடிந்தால் 6.5-க்குக் கீழ், கொண்டுவர வேண்டும். கல்யாணப் பேச்சில் சர்க்கரையை மறைத்தால், புகுந்த வீட்டில் அவள் ஊசியையும் ஒளித்துத்தான் போட வேண்டும். சில சமயம் போடாமலே இருந்துவிடுவாள். நாம் மறைப்பதன் விலையைப் பேரக்குழந்தை கொடுக்கிறது.

சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா இத்துறைக்கே வாழ்நாளைக் கொடுத்தார். 2022-ல் பத்மஸ்ரீ பெற்றார். நமக்குப் பக்கத்திலேயே, காரக்கோணத்தில், மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறச் சென்று, பின் நெய்யூரில் அறுவை வைத்தியராகப் பணியாற்றிய சாமர்வெல்லின் பெயர் கொண்டது. தூரம் ஒரு சாக்கு அல்ல. கல்யாணமான கையோடு பெண்ணை அழைத்துப் போங்கள்.