கூத்துக்களரி இருளலாமோ?

(கொழும்பு, புதுக்கடையில் ஆற்றிய சொற்பொழிவு)



1956-ல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். அவர் கைக்கொண்ட 'நாடகம' என்னும் வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. சிங்கள மக்கள் அதனைத் தேசியச் செல்வமாகப் போற்றினர். நம்மில் கற்றோரோ, நம் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கியிருந்தனர்!

அந்த இழிவைத் துடைக்க முன்வந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடுவித்தார். 1962-ல் 'கர்ணன் போர்'; பின்னர் 'இராவணேசன்'. விடிய விடிய ஆடிய கூத்தின் நேரம் சுருங்கியது, சிறப்புச் சுருங்கவில்லை.

ஆனால், நகர மேடை மட்டும் கூத்தைக் காத்துவிடுமா? வட்டக்களரியில் ஆடியவர் உழவர், ஆட்டுவித்தவர் அண்ணாவியார். அச்சேறாத கூத்துக் கொப்பி கறையானுக்கு இரையாகும். தாளக்கட்டோ கொப்பியில் முழுதும் அடங்காது. அது அண்ணாவியாரின் நாவிலும் கையிலுமே வாழ்கிறது. அவரோடு அதுவும் மறைய விடலாமா?

உழவர் பெருமக்களே! கொப்பிகளைப் பேணுங்கள், பிள்ளைகளைக் களரிக்கு அனுப்புங்கள். கற்றோரே! அச்சுக்கும் ஒலிப்பதிவுக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அண்ணாவியார் இருக்கும்போதே அவர் காலடியில் அமர்ந்து கற்போம். மறைந்தபின் மாலை சூட்டிப் பயனில்லை!