கிற்றாரில் நான் பழகிய ஒரு பாட்டு

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரில் ஏ.எல் வரைக்கும் படித்தவன். அதற்கு மேலே படிக்கக் காலம் விடவில்லை. இங்கே சாப்பாட்டுப் பொருட்களைப் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். "உமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் அண்ணை கேட்டபோது, "எனக்குப் பெட்டி கட்டத்தான் தெரியும் அண்ணை" என்றேன். அவர் விடவில்லை. "நீர் கிற்றார் வாசிக்கிறீராமே, அதைச் சொல்லும்" என்றார். அதுதான் இங்கே வந்து நிற்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பரதமும் மிருதங்கமும் பழக்குகிற இடத்தில் உதென்ன கிற்றார் என்று சிலர் நினைக்கலாம். கிற்றார் எங்களுக்குப் புதிதல்ல. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுக்களை இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கலியாண வீடுகளிலும் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்களிலும் அந்தப் பாட்டுக்கள்தான். ஆகவே அந்தக் கதையை விட்டுவிட்டு என் பாட்டுக்கு வருகிறேன்.

பாட்டின் பெயர் "விஷ் யூ வேர் ஹியர்". பிங்க் புளோயிட் என்ற ஆங்கிலேய றொக் இசைக்குழு 1975 செப்டெம்பரில் வெளியிட்டது. இசைத்தட்டின் பெயரும் அதுவே. டேவிட் கில்மோர், றொஜர் வோட்டர்ஸ் என்ற இருவரும் சேர்ந்து ஆக்கிய பாட்டு.

இதை நான் முதலில் கேட்டது லண்டனில் அல்ல, யாழ்ப்பாணத்தில். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒருவர் அண்ணனுக்கு ஒரு கசற் கொடுத்தார். அண்ணன் இரவல் கிற்றார் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தக் கசற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டு, பாட்டின் தொடக்கத்தை மட்டும் காதால் கேட்டே பிடித்துவிட்டான். அதற்கு மேலே அவனுக்கு வரவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பக்கத்தில் இருந்து பார்ப்பேன். "இஞ்ச பார், இந்த ரெண்டு விரலையும் எடுக்காதை. மற்ற விரல்தான் மாறவேணும்" என்று காட்டுவான். பாட்டின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அது "அண்ணன்ரை பாட்டு", அவ்வளவுதான்.

2006 இல் பாதை பூட்டியபோது, வேலைக்குப் போயிருந்த அண்ணன் வன்னிப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இந்த மண்டபத்தில் இப்படி ஓர் இடம் வெறுமையாக இல்லாத குடும்பங்கள் குறைவு. அதனால் நான் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இங்கே வந்து சில வருடங்களின் பின், ஒருநாள் விடியப்புறம் நாலு மணி இடைவேளையில், தொழிற்சாலைச் சாப்பாட்டறை ரேடியோவில் அந்தத் தொடக்கம் போனது. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என்னோடு வேலை செய்கிற வயதான ஆங்கிலேயர் ஒருவர் "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். அவர்தான் பெயரைச் சொன்னார். அடுத்த கிழமை தன் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கிற்றாரையும் கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை.

பழகத் தொடங்கியபோதுதான் அண்ணன் சொன்னது விளங்கியது. பாட்டின் தொடக்கத்துக்கு மூன்று கோட் போதும். ஈ மைனர் செவின், ஜீ, ஏ செவின் சஸ் போர். வீணையில் மெட்டு என்கிறோமே, கிற்றாரில் அதைப் பிரெற் என்பார்கள். மிக மெல்லிய இரண்டு தந்திகளையும் மூன்றாவது பிரெற்றில் மோதிர விரலாலும் சின்ன விரலாலும் அழுத்த வேண்டும். மூன்று கோட்டுக்கும் அந்த இரண்டு விரலும் அசையாது. சுட்டு விரலும் நடுவிரலும் மாத்திரம் இடம் மாறும். அதனால்தான் கோட் மாறினாலும் மேலே ஒரே ஒலி தொடர்ந்து கேட்கிறது.

சொல்லச் சுகம். குளிர் அறையில் எட்டு மணித்தியாலம் நின்று விறைத்த விரலால் இரும்புத் தந்தியை அழுத்திப் பாருங்கள். முதல் மாதம் விரல் நுனி கொப்பளித்தது. சின்ன விரல் சொல்வழி கேட்கவே இல்லை. அடுக்குமாடி வீடு என்பதால், தந்திகளுக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்துச் சத்தத்தைக் குறைத்துப் பழகினேன். "நித்திரை கொள்ளுற நேரத்தில உதென்னப்பா" என்று மனைவி பேசினா. தொடக்கம் வர இரண்டு மாதம் போனது.

அண்ணன் நின்ற இடத்திலிருந்துதான் எனக்குக் கஷ்டம் தொடங்கியது. பாடல் வரிகள் தொடங்கும் இடத்தில் அந்த இரண்டு விரலையும் எடுத்தே ஆகவேண்டும். சி, டி, ஏ மைனர், ஜீ என்று கோட்கள் வரும். அந்த டி சாதாரண டி அல்ல, அடியிலே எப் ஷார்ப் ஒலிக்க வேண்டும். பெருவிரலைக் கழுத்துக்கு மேலால் வளைத்துத் தடித்த தந்தியின் இரண்டாவது பிரெற்றைப் பிடித்தேன். அதற்கு இன்னும் மூன்று மாதம். வாசித்துக்கொண்டே பாடுவதற்கு மேலும் இரண்டு மாதம். ஆக ஏழு மாதம். நான் கெட்டிக்காரன் அல்ல என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும்.

இனிப் பாட்டின் பொருளைப் பற்றி. தொடக்கத்தில் யாரோ ரேடியோவின் முள்ளைத் திருப்புவது போலக் கேட்கும். அது கில்மோரின் கார் ரேடியோவில் பதிவு செய்தது. சைக்கோவ்ஸ்கியின் நாலாவது சிம்பனியில் ஒரு துண்டும் அதில் வந்து போகும். பிறகு ஒரு கிற்றார் மெல்லியதாக, ரேடியோவுக்குள்ளே இருந்து வருவது போல வரும். சிறிது நேரத்தில் இன்னொரு கிற்றார் முழுச் சத்தத்தோடு அதனோடு சேரும். ஒருவன் அறையில் தனியே இருந்து, ரேடியோவில் போகும் பாட்டோடு சேர்ந்து வாசிக்கிறான். அதுதான் அவர்கள் காட்ட நினைத்தது.

இதைக் கேட்கும்போது எனக்கு வேறொரு ரேடியோ ஞாபகம் வரும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அண்ணன்தான் சுற்றுவான். அவன் கை களைத்தால் பாட்டு மெலியும். வேகமாகச் சுற்றினால் திரும்ப வரும். தூரத்திலிருந்து வருகிற மெலிந்த பாட்டோடு சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த ஆங்கிலேயர் எனக்குச் சொன்ன கதை இது. இந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சிட் பரட். 1967 இல் வந்த முதல் இசைத்தட்டின் பெரும்பாலான பாட்டுக்கள் அவருடையவை. போதை மருந்தாலும் மனநலம் குன்றியதாலும் 1968 இல் குழுவை விட்டு விலக நேர்ந்தது. 1975 ஜூன் 5 ஆம் திகதி, லண்டன் அபி றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் நண்பர்கள் இந்த இசைத்தட்டு வேலையில் இருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த, உடம்பு பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் அது சிட் என்று தெரிந்தது. அந்த நேரம் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்ததும் அவரைப் பற்றிய பாட்டே. அதன் பின் அவர் கேம்பிறிட்ஜில் தன் பாட்டில் படம் கீறிக்கொண்டும் தோட்டம் பார்த்துக்கொண்டும் இருந்து, 2006 ஜூலையில் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். உலகமெல்லாம் "நீ இங்கே இல்லையே" என்று பாடிக்கொண்டிருந்த முப்பது வருடமும் அந்த மனிதர் உயிரோடு இருந்தார். அவரை இறந்தவர் என்றும் சொல்ல முடியாது, எங்களோடு இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. காணாமல் போனவர்களின் வீட்டுக்காரருக்கு இந்த நிலை தெரியும். 2005 ஜூலை 2 ஆம் திகதி ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில், நீண்ட காலம் பிரிந்திருந்த குழுவினர் நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்து இந்தப் பாட்டை வாசித்தபோது, அங்கே இல்லாத எல்லோருக்காகவும், முக்கியமாகச் சிட்டுக்காகவும் வாசிப்பதாக வோட்டர்ஸ் சொன்னார்.

ஆனால் வரிகளை அகராதி வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு குழப்பம். ஏக்கம் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் கேள்விகள். உண்மையையும் போலியையும் உன்னால் பிரித்தறிய முடியுமா? எதைக் கொடுத்து எதை வாங்கினாய்? இல்லாதவரிடம் யாராவது இப்படிக் குறுக்கு விசாரணை செய்வார்களா? பிறகு அறிந்தேன், சிட்டை நினையாமல் இதைப் பாட முடியாது என்று கில்மோர் சொல்லியிருக்கிறார். வரிகளை எழுதிய வோட்டர்ஸோ, அது தன்னையும் நோக்கிய பாட்டு என்று சொல்லியிருக்கிறார். பாடுகிறவனே தன்னைப் பார்த்து, "நீ இங்கே இருக்கிறாயா?" என்று கேட்கிறான்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நான் எங்கே இருக்கிறேன்? உடம்பு வேலைத்தளத்தில், மனம் ஊரில். ஊருக்குக் கதைக்கும்போது மனம் ஓவர்ரைம் கணக்கில். பத்து வருடத்துக்கு மேலாக அம்மாவோடு ரெலிபோனில் கதைக்கும்போது அண்ணனின் பேச்சு வந்தால், "வேலைக்கு நேரமாச்சு அம்மா" என்று வைத்துவிடுவேன். காசு மட்டும் மாதம் தவறாமல் போகும். எதைக் கொடுத்து எதை வாங்கினேன் என்று அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன்.

பாட்டின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். ஆங்கிலேயர் விடுமுறைக்குப் போனால் போஸ்ட்காட்டில் வழக்கமாக எழுதுகிற வசனம் அது. அந்த இசைத்தட்டு உறைக்குள்ளேயே ஒரு போஸ்ட்காட் வைத்துத்தான் விற்றார்கள். எங்களிடம் அப்படி ஒரு முழு வசனம் இல்லை. "அவனும் இஞ்ச இருந்திருந்தா..." என்று அம்மா ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் சொல்லுவா. அதற்கு மேலே சொல்லமாட்டா. மிச்சத்தைக் கேட்காமல் ஓடினவன் நான்.

போன சித்திரை வருசப் பிறப்பன்று அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அந்தத் தொடக்கத்தை வாசித்தேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அம்மா, "இது அவன்ரை பாட்டெல்லோ ராசா" என்றா. அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் அண்ணனைப் பற்றிக் கதைத்தோம். அவன் இரவல் கிற்றாரின் தந்தியை அறுத்துவிட்டு ஒளித்த கதையெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம். அழுதா, சிரிச்சா. நான் வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தம்பி தங்கைச்சிமாரே, எந்த மொழிப் பாட்டென்றாலும் பிடித்திருந்தால் முழுதாகப் பழகுங்கள், சொல்லின் பொருளைத் தேடிப் பிடியுங்கள். பெரியவர்களே, வீட்டில் முடியாமல் நிற்கிற வசனங்களை ஒருமுறை முடித்துப் பாருங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கதையுங்கள்.