அன்றாட எரிச்சலும் நம் விசுவாசமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம்" என்ற தலைப்பைச் செயலாளர் அக்கா தொலைபேசியில் சொன்னபோது, "எனக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது அக்கா" என்றேன். "பிரசங்கம் ஆர் கேட்டது? நடந்ததைச் சொல்லு" என்றார். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

நம் கரையில் மிஷன் பாடசாலைகளைப் பற்றிப் பேசுபவர்கள் வில்லியம் ஓல்ட் அவர்களிடமிருந்து தொடங்குவார்கள். கப்பல் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்து, 1814இல் தனியாக மட்டக்களப்பில் வந்து இறங்கியவர். 1815 ஏப்ரலில் அவரும் காலமானார். ஒரு வருடம்கூட நிறையாத அந்தக் காலத்துக்குள் பள்ளிக்கூடங்களைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அவருக்குச் சிலை இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் காய்ச்சலும் தனிமையுமாக இருந்த ஒரு பின்னேரத்தில், கதவைத் தட்டிய ஏழை ஒருவரிடம் அவர் எந்தக் குரலில் பேசினார் என்பதுதான் எனக்கு அறிய விருப்பம். விசுவாசம் பரீட்சைக்கு வருவது அப்படியான நேரத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தப் பாடசாலையில் நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் ஆசிரியை ஒருவர், செய்யாத பிழைக்காக ஒரு முஸ்லிம் பிள்ளையை வகுப்பின் முன் ஏசிவிட்டார். அடுத்த நாள் காலையில் வந்து, புத்தகத்தைத் திறக்குமுன், "நேற்று நான் எல்லார் முன்னாலும் ஏசினேன். ஆகவே எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். அந்தப் பிள்ளை அழுதது. நாங்களும் அழுதோம். வேதபாட வகுப்பில் படித்ததில் பாதி மறந்துபோனது. அந்தக் காலை மறக்கவில்லை. ஆனாலும் அதை நான் உண்மையில் படித்து முடிக்க இன்னும் இருபத்தைந்து வருடங்கள் ஆயின.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வந்த சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் அந்தச் சபையில் இருந்தன. ஐந்து நாளில், 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் இன்னொரு அனர்த்தம். அந்த வீட்டில் சந்தேகத்துக்குரியவர்கள் இருக்கிறார்கள் என்று பொலிஸாருக்கு அறிவித்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம் மக்களே. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனம் ஆறவில்லை.

ஊரடங்குச் சட்டம் தளர்ந்த பிறகு கிளினிக்கில் மீண்டும் இருந்தேன். வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் தாய்மார். நான் யாரையும் ஏசவில்லை. மருந்தைக் குறைக்கவில்லை. என் மருந்துத் துண்டுகளில் யாரும் ஒரு பிழை காட்ட முடியாது. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டேன். முதலாவது கேள்வியைக் கேட்பேன், இரண்டாவது கேள்வியைக் கேட்க மாட்டேன். ஒவ்வொரு வருடமும் நோன்பு தொடங்குமுன், "நோன்பு பிடிக்கப் போறீங்களா? அப்ப இந்தக் குளிசையை எந்த நேரம் எடுப்பீங்க?" என்று நீரிழிவு நோயாளர்களிடம் கேட்பது என் வழக்கம். சீனி திடீரென்று இறங்கி மயங்கிவிடக் கூடாதே என்ற கவலை. அந்த வருடம் அதையும் பலரிடம் கேட்கவில்லை.

அந்த நாட்களில் மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு வயதான உம்மா வந்தார். நீண்ட காலமாக நீரிழிவு. கிளினிக் கொப்பியைக் கொண்டுவர மறந்துவிட்டார். வெளியே நீண்ட வரிசை. "கொப்பி இல்லாமல் ஏன் வந்தீங்க?" என்று ஒரு சொல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்து, மருந்தை எழுதி, அனுப்பிவிட்டேன்.

நீரிழிவு நரம்பைக் கெடுத்தால் காலில் நோவு தெரியாது. முள் ஏறினாலும், செருப்பு வெட்டினாலும் நோயாளி உணர மாட்டார். அதனால்தான் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அன்று நான் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் வீங்கி, ஒரு விரல் கறுத்திருந்தது. அந்த விரலை எடுக்க வேண்டி வந்தது.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கொப்பி இல்லை, கூட்டம் அதிகம், நோயாளி சொல்லவில்லை என்று காரணம் சொல்ல இடமிருந்தது. ஆனால் இந்தப் பாடசாலையின் ஒன்பதாம் வகுப்பு என்னை விடவில்லை.

காரைதீவு தாண்டி, வயல் நடுவே போகும் வீதியால் மாவடிப்பள்ளிக்குப் போனேன். உம்மா காலை நீட்டியபடி பாயில் இருந்தார். "உங்கட காலை நான் பார்த்திருக்க வேணும். பார்க்காதது என்ட பிழை. கோபத்தில் இருந்தேன். மன்னிச்சுக் கொள்ளுங்க" என்றேன். அவர் சொன்ன பதிலை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க கேட்கல்ல மகள், நானும் காட்டல்ல. புண் இருக்கெண்டு எனக்குத் தெரியும். உங்கட கழுத்துல குருசக் கண்டன். எங்கட பேரச் சொல்லி அவனுகள் செஞ்ச வேலைக்குப் பிறகு, எந்த முகத்தோட இந்தப் புள்ளக்கிட்ட காலத் தூக்கிக் காட்டுற எண்டு வெட்கமாப் போச்சு."

என் கோபமும் அவர் வெட்கமும் சேர்ந்து ஒரு விரலைக் கொண்டுபோனது. நான் அணிந்திருந்த சிலுவை, ஒரு நோயாளி தன் புண்ணை மறைக்கக் காரணமாகிவிட்டது. அதைக் கழற்றிவிடவா என்று பல நாள் யோசித்தேன். கழற்றவில்லை. அதைப் பார்க்கிறவர்கள் புண்ணைக் காட்டத் துணியும்படி நடப்பதே என் வேலை என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை வேறு கண்ணால் வாசிக்கிறேன். யவீருவின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவசரமாகப் போகிறார். நடு வழியில், பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கால் வருந்திய பெண் பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். சுகமும் அடைந்துவிட்டாள். மருத்துவக் கணக்கில் அதோடு வேலை முடிந்தது. ஆனாலும் அவர் நின்று, அவள் யார் என்று தேடி, பயந்து நடுங்கியவளின் கதையை முழுதாகக் கேட்டு, மகளே என்று அழைக்கிறார். நோய் தீர்ந்த பிறகும் முகத்தைப் பார்க்க நின்றார். நானோ நோயையும் சரியாகப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. மகளே என்ற அந்த அழைப்பு எனக்குக் கிடைத்ததும் மாவடிப்பள்ளி உம்மாவின் வாயிலிருந்துதான்.

இப்போது முற்றாகத் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டார் இங்கே இருக்கிறார்கள், சிரிப்பார்கள். கிளினிக்கில் பொறுமையாக இருந்துவிட்டு, மிச்சக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் நான். போன வருடம் என் மகள் கேட்டாள்: "அம்மா, நானும் ஒரு நம்பர் எடுத்துக்கொண்டு வந்தால் என்னோட நல்லாப் பேசுவீங்களா?" அன்று இரவு அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். மாமி சமையலறையில் ஒன்று சொன்னால் எனக்கு இன்னும் முகம் மாறும். மார்த்தாளின் முறைப்பாடு எனக்கு நன்றாக விளங்கும். வேலை முழுவதும் என் தலையில் என்று நினைக்கும்போது, செய்யும் சேவையே கசந்துவிடுகிறது.

ஆகவே சிறு பழக்கங்கள் சில வைத்திருக்கிறேன். நோயாளி எழும்பிப் போகுமுன் முகத்தைப் பார்த்து இரண்டாவது கேள்வியைக் கேட்பது. நீரிழிவு என்றால் செருப்பைக் கழற்றச் சொல்வது. யாரையாவது நோகடித்தால் அன்றைக்கே, பெயர் சொல்லி, காரணம் காட்டாமல் மன்னிப்புக் கேட்பது. "கோபத்தில் சொல்லிவிட்டேன், ஆனால் நீங்களும்..." என்று தொடங்கினால் அது மன்னிப்பு இல்லை. அந்த "ஆனால்" என்ற சொல்லை விழுங்கத்தான் எனக்கு ஜெபம் தேவைப்படுகிறது.

2024 நவம்பர் 26 வெள்ளத்தில், மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் அடிபட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். செய்தி கேட்டதும் நான் முதலில் அழைத்தது அந்த உம்மாவின் வீட்டுக்குத்தான். 2019இல் அது வேறு யாரோவின் ஊர். இப்போது என் ஊர்.

பாடசாலையில் படிக்கும் தங்கச்சிமாரே, நூறு வருடத்தில் இங்கிருந்து எத்தனை வைத்தியர்கள், ஆசிரியைகள் வந்தார்கள் என்று இந்த மலரில் கணக்கு இருக்கும். பிள்ளைகள் முன்னால் மன்னிப்புக் கேட்ட ஆசிரியைகள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இராது. அந்த ஆசிரியை இன்று நம் மத்தியில் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை இந்தப் பாடசாலைக்குச் சொல்லி அமர்கிறேன்.

கர்த்தர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.