படகிற் புகாத பெட்டி



விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அதற்கு மேலே தங்கினால் வீட்டாருக்கும் சலித்துவிடும், விருந்தாளிக்கும் சலித்துவிடும். வீடென்றால் நாலாம் நாள் காலையில் விடைபெற்றுக்கொண்டு படலையைத் திறந்து நடந்துவிடலாம். ஆனால், அழைத்தவரின் வீடு கடலின்மேல் மிதக்கும் ஒரு சிறு பாய்ப்படகாக இருந்தால் என்ன செய்வது? அங்கே படலையுமில்லை, வீதியுமில்லை. விடுமுறை முடியும்வரை அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் முழங்கையோடு முழங்கை இடிபட வாழ்ந்தே தீரவேண்டும்.

அப்படியொரு விருந்துக்குப் புறப்படுபவர் எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது? கேட்பதற்கு இது பயணக் கையேட்டில் இருக்கவேண்டிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், இந்தக் கேள்வியையே வாசலாக அமைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுந்த நாவல் ஒன்று உண்டு. 1903ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த ரிடில் ஒஃப் த சான்ட்ஸ்’ என்பது அதன் பெயர். ‘மணற்றிட்டுகளின் புதிர்’ என்று நாம் தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். ஒற்றர் கதைகளின் முன்னோடிகளுள் ஒன்றென இலக்கிய வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதன் ஒற்றுவேலையை அன்று. அதன் தொடக்க அத்தியாயங்களில் வருகின்ற ஒரு பெட்டியைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நாவலை எழுதியவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். 1870இல் இலண்டனிற் பிறந்து, அயர்லாந்தில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். மேசையும் கோவையுமாக வாழ்ந்த இந்த மனிதருக்குப் பாயோட்டம் என்றால் உயிர். பழைய உயிர்காப்புப் படகொன்றை மாற்றியமைத்த ‘விக்ஸன்’ என்ற சிறு படகில், 1897ஆம் ஆண்டு வட ஜேர்மனியின் ஆழமற்ற கடலில், தீவுகளுக்கும் மணற்றிட்டுகளுக்கும் இடையே அவர் பயணம் செய்தார். அந்த அனுபவமே நாவலின் முதல்.

கதையைச் சொல்பவன் கரூதர்ஸ் என்னும் இளைஞன், வெளிநாட்டமைச்சின் உத்தியோகத்தன். செப்டெம்பர் மாதக் கடைசி. நண்பர்களெல்லாம் நாட்டுப்புற மாளிகைகளுக்கு விடுமுறைக்குப் போய்விட்டனர். இவன் மட்டும் கடமையின் பொருட்டு இலண்டனிலே கிடக்கிறான். நாவல் தொடங்கும்போது அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் தெரியுமா? தன்னந்தனியாக இராப்போசனத்துக்குப் போவதற்கு உடை உடுத்திக்கொண்டிருக்கிறான். தூரதேசத் தனிமையில் உத்தியோகம் பார்க்கும் ஆங்கிலேயர் தம் சுயமரியாதை குலையாதிருக்க மாலைதோறும் சம்பிரதாய உடை அணிவார்களாம். அவர்களோடு தன்னையும் ஒப்பிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்கிறான். முதற் பக்கத்திலேயே உடையைக் கொண்டு ஆளைக் காட்டிவிடுகிறார் ஆசிரியர். இந்த மனிதனுக்குத் தன் உடுப்பே தன் மதிப்பு.

அப்போது வருகிறது ஒரு கடிதம். ஒக்ஸ்போட்டில் உடன் படித்த டேவீஸ் எழுதியிருக்கிறான். பால்டிக் கடலோரமாக, பிளென்ஸ்பேர்க் துறைமுகத்தில், ‘டல்சிபெல்லா’ என்ற தன் படகில் இருக்கிறானாம். வந்து சேர்ந்துகொள், கொஞ்சம் பாயோட்டலாம், காட்டுத்தாராவும் சுடலாம் என்பது அழைப்பு. கடிதத்தோடு சில்லறைச் சாமான்களின் பட்டியல் ஒன்றும் வருகிறது. துப்பாக்கியும் தோட்டாவும், திசையளக்கும் கருவி ஒன்று, ஒரு இறாத்தல் புகையிலை, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறுகளை இறுக்குகின்ற திருகாணிகள். பிறகு, எண்ணெய் ஊட்டிய மழையங்கி. அதிலும் ஒரு நிபந்தனை: பதினொரு ஷில்லிங் விலையுள்ள சாதாரண அங்கியே வேண்டும், உல்லாசப் படகுக்காரருக்கென்று விற்கிற பகட்டான வகை வேண்டாம். கரூதர்ஸ் வருவதாக அறிவித்ததும் ஒரு தந்தியும் வருகிறது. இன்ன இலக்க எண்ணெயடுப்பு ஒன்றும் கொண்டுவா என்கிறது தந்தி.

நேயர்களே, இந்தப் பட்டியலை நாம் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். விருந்துக்கு அழைப்பவன் அடுப்புக் கொண்டுவா, ஆணி கொண்டுவா என்று கேட்பானா? கரூதர்ஸின் மனத்திலும் அந்த ஐயம் எழாமலில்லை. ஆனால், அவன் மனக்கண்ணில் நின்றது வேறொரு காட்சி. வெள்ளைவெளேரென்ற மேற்றளம், வெண்ணிறக் காற்சட்டை, நேர்த்தியான நீல அங்கி, ஏவலுக்குக் காத்துநிற்கும் பணியாட்கள். அந்தக் காட்சிக்கு வேண்டியவற்றைத்தான் அவன் பெரிய பெட்டியில் அடுக்குகிறான். நண்பன் கேட்டவற்றையோ, முகஞ்சுளித்துக்கொண்டு, கடைகடையாக அலைந்து வாங்குகிறான். தான் ஆசைப்பட்ட பயணத்துக்குப் பெட்டி, போகப்போகும் பயணத்துக்குப் பொட்டலம் என்று இரண்டு மூட்டையாகிறது அவன் ஆயத்தம்.

பிளென்ஸ்பேர்க் புகையிரத நிலையத்தில் டேவீஸ் வந்து நிற்கிறான். பழைய அங்கி, சேறுபடிந்த சப்பாத்து. அவன் கண் நேரே போய் விழுந்தது அந்தப் பெட்டியின் மேல். இது இல்லாமற் சமாளிக்க முடியாதா என்ற கவலை அவனுக்கு. இருட்டிலே சிறு துடுப்புத் தோணியில் எல்லாவற்றையும் ஏற்றிப் படகுக்குப் போகிறார்கள். அங்கே பணியாட்கள் எவருமில்லை. படகின் நீளம் 30 அடி, அகலம் 9 அடி. இதுவும் பழைய உயிர்காப்புப் படகுதான். உள்ளே இறங்கும் வாயிலிற் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பெட்டி புகவில்லை.

வேறு வழி? ஈரம் படிந்த தளத்தில், இருளில், அந்தச் சீமான் தன் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுக்கவேண்டியதாகிறது. இலண்டனிற் கட்டிக்காத்த கௌரவம் துண்டுதுண்டாகக் கைமாறும் அந்தக் காட்சியை ஆசிரியர் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். எனினும், நகைச்சுவைக்கு அடியில் ஓர் இரக்கமும் உண்டு. தனக்கு எது தேவை என்று ஒருவன் நினைத்திருந்தானோ அதுவே அவனை வாயிலில் மறித்து நிற்கிறது.

படகு ஏன் இத்தனை கண்டிப்பாயிருக்கிறது? எங்கள் வடபுலத்துக் கடலோடிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சொல்கிறேன். அணியத்திலிருந்து பின்புறம்வரை படகின் விலா வளைந்தே செல்லும். சதுர மூலை என்று ஒன்று கிடையாது. ஆகவே, மூலையுள்ள பெட்டி எங்கே வைத்தாலும் இடத்தைத் தின்னும். துணிப்பையோ வளைவோடு வளைந்து கிடக்கும். வெறுமையானதும் சுருட்டி ஒரு பொந்திற் செருகிவிடலாம். காற்றுப் பிடித்துப் படகு சாய்ந்தால் கட்டிவைக்காத பொருளெல்லாம் உருண்டு ஓடும். உப்புநீரில் நனைந்த துணி இலேசிற் காயாது. காய்ந்தாலும் அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் நசநசக்கும். குடிநீரோ அளவானது, உடுப்பை அலசுவதற்குக் கொட்ட முடியாது. ஆகவே, பத்து மெல்லிய உடுப்பிலும் நனையாமற் பொதிந்த இரண்டு கம்பளிச் சட்டை மேல். இன்றும் பாய்ப்படகுக்கு விருந்தாளியை அழைப்பவர்கள் முதலிற் சொல்லும் வார்த்தை, பெட்டி வேண்டாம், மடியக்கூடிய பை கொண்டுவாருங்கள் என்பதே.

இனிக் கதைக்கு வருவோம். டேவீஸ் எழுதிய கடிதத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. உனக்கு ஜேர்மன் மொழி நன்றாகத் தெரியுமே, அது உதவியாயிருக்கும் என்ற கருத்திலான வரி. அடுப்பையும் ஆணியையும் தேடி அலைந்த கரூதர்ஸ் இதனைப் பொருட்படுத்தவில்லை. உண்மையில் நண்பன் அழைத்ததன் காரணமே அதுதான். மணற்றிட்டுகளுக்கு நடுவே தன்னைத் திட்டமிட்டுச் சாகடிக்க ஒருவன் முயன்றான் என்றும், அக்கரையில் ஏதோ இரகசியம் நடக்கிறது என்றும் டேவீஸுக்குச் சந்தேகம். அதைத் துப்புத்துலக்க மொழி தெரிந்த, நம்பத்தகுந்த ஒரு துணை வேண்டும். பெட்டியில் வைக்கமுடியாத ஒன்றே விருந்தாளியிடமிருந்து கேட்கப்பட்ட முதற் பொருள்.

கரூதர்ஸ் அதனைக் கொடுக்கிறான். தலையை முகட்டில் இடித்து, சொட்டும் ஈரத்தில் தூக்கம் கெட்டு, தன்மீதே எரிச்சற்பட்டு, மெல்ல மெல்ல மாறுகிறான். கடும் பனிமூட்டத்தில், கண்ணெதிரே ஒன்றும் தெரியாத நிலையில், டேவீஸ் திசைகாட்டியும் கடிகாரமும் கொண்டு வழிசொல்ல, கரூதர்ஸ் மணிக்கணக்காகத் துடுப்பு வலிக்கும் அத்தியாயம் இந்நாவலின் சிகரம். இராப்போசனத்துக்குத் தனியே உடுத்தி நின்றவன் எங்கே, கைகள் கொப்பளிக்கத் துடுப்பு வலிப்பவன் எங்கே! விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்றே தொல்காப்பியர் பொருள் கொண்டார். விருந்தாளி புதியவனாய் வருகிறவன் என்பது நாமறிந்தது. வந்த இடத்தில் தானும் புதியவனாகிறவன் என்றும் கொள்ளலாமென்று இந்நாவல் நினைக்கவைக்கிறது.

ஆசிரியரின் வாழ்க்கை இக்கதையை வேறொரு விதமாகத் திருப்பி எழுதியது. அவருடைய மனைவி மோலி அமெரிக்கப் பெண்மணி. இளம் பிராயத்திலிருந்தே கால் நலிவுற்றவர். ஆயினும் கணவரோடு சளைக்காமற் கடலோடியவர். மோலியின் பெற்றோர் திருமணப் பரிசாக அளித்த படகு ‘ஆஸ்கார்ட்’. 1905இல் நோர்வேயிற் கட்டப்பட்டது. ஏறக்குறைய 50 அடி நீளம். 1914 ஜூலையில் அப்படகிற் புறப்பட்டவர் அறுவர்: சில்டர்ஸ் தம்பதியர், மேரி ஸ்பிரிங் றைஸ் என்ற பெண்மணி, ஓர் ஆண் நண்பர், டொனெகோல் மீனவர் இருவர். பார்ப்பவர் கண்ணுக்கு இது கோடைகால உல்லாசப் பயணம். அவர்கள் போனதோ அயர்லாந்துத் தொண்டர் படைக்கு ஆயுதம் ஏற்ற.

பெல்ஜியக் கரைக்கப்பால், நடுக்கடலில், இழுவைக் கப்பலிலிருந்து 900 துப்பாக்கிகளும் 29,000 தோட்டாக்களும் ஆஸ்கார்ட்டுக்கு மாற்றப்பட்டன. துப்பாக்கிகள் வைக்கோலிற் பொதிந்து மூட்டைகளாக இருந்தன. மூட்டையாக வைத்தால் படகு கொள்ளாது. ஆகவே, இரவிலே ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து, துப்பாக்கிகளைத் தனித்தனியே கைமாற்றிக் கீழே அடுக்கினார்கள். தாம் நகைச்சுவையாக எழுதிய காட்சியைப் பதினோராண்டு கழித்துச் சில்டர்ஸ் தம் சொந்தப் படகில் மெய்யாகவே நடத்த நேர்ந்தது! மெத்தைகளைத் துப்பாக்கிகளின்மேல் விரித்து, அவற்றின்மேலேயே இரு வாரம் உண்டார்கள், உறங்கினார்கள். மேரி எழுதிவைத்த நாட்குறிப்பு இப்பயணத்துக்குச் சான்றாக இன்றும் நிலவுகிறது. ஜூலை 26ஆம் நாள், டப்ளினுக்கு அண்மையிலுள்ள ஹோத் துறைமுகத்திற் சரக்கு இறங்கியது.

பின்னர் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. நேற்றுவரை தோழராயிருந்தோர் இரு கூறாயினர். 1922 நவம்பரிற் சில்டர்ஸ் கைதானார். 900 துப்பாக்கி கொண்டுவந்தவர் மேல் சாட்டப்பட்ட குற்றம், சிறிய கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார் என்பது. அம்மாதம் 24ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு முன், தம்மைச் சுட வந்த வீரர் ஒவ்வொருவரோடும் அவர் கைகுலுக்கினார்.

சிறையில் தம்மைக் காணவந்த பதினாறு வயது மகனிடம் அவர் ஒரு வாக்குறுதி கேட்டுப் பெற்றிருந்தார். தம் மரண தண்டனைக்குக் காரணமானவர்கள் ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கைகுலுக்க வேண்டும் என்பதே அது. பழிவாங்கும் சுமையை மகனின் தோளில் ஏற்ற மறுத்தார் தந்தை. அந்த மகன் 1973இல் அயர்லாந்தின் ஜனாதிபதியானார்.

ஆஸ்கார்ட் படகு இன்று டப்ளின் அரும்பொருளகத்தில் இருக்கிறது. நாவலோ நூறாண்டு கடந்தும் அச்சில் இருக்கிறது. அதனை ஒற்றர் கதையாகப் படிப்பவர்கள் படிக்கட்டும். நாங்களோ பயணம் போவதற்கென்று வீடு நிறைந்த சாமானுக்கு நடுவே எதை எடுப்பது, எதை விடுவது என்று திகைத்து நின்ற நாட்களை அறிந்தவர்கள். ஆதலால், அந்த ஈரத் தளத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் கரூதர்ஸைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வரும். சிரித்த பிறகு சற்று நேரம் பேச்சு வராது. வாய்ப்புள்ள நேயர்கள் இந்நாவலைத் தேடிப் படிக்கவேண்டும் என்று கேட்டு, விடைபெறுகிறேன்.